பூத்தையல் மாணவியும் பால்மரத்து விதையும்

தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் கல்லூரிகளில் துணிக்கலை பயில்கின்றனர். அவர்கள் விடுமுறையில் கொண்டுவரும் சிறுசிறு பூத்தையல் துண்டுகளைக் கண்டு பெற்றோர் மனம் வருந்துவதுண்டு. சிலவற்றில் தையல் பாதியில் நிற்கும். சிலவற்றில் நூல் இழுத்துத் துணி சுருங்கிக் கிடக்கும். தலையணை உறைக்கும் உதவாத இவற்றிற்கா இத்தனை செலவு என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு இடையில் நின்றுவிடலாகாது என்பதற்காகவே இவற்றைப்பற்றி இங்கு எழுதுகின்றோம்.

இவை மாதிரித் துணிகள். விற்பனைக்கு உரியவை அல்ல. ஓர் இயற்கை உருவத்தை எந்த நூலால், எந்தத் துணியில், எவ்வகைத் தையலால் காட்டலாம் எனச் சோதித்துப் பார்ப்பதற்கு உள்ளங்கையளவு துணியே போதும். ஆசிரியர் இவற்றில் காண விரும்புவது எண்ணம் வளர்ந்த வழியையாகும். கடையில் வாங்கிய அச்சுத்தாளிலிருந்து ரோசாப் பூவைப் படியெடுத்து எத்துணை நேர்த்தியாகத் தைத்தாலும் அவ்வழி அதில் தென்படாது. சரிவராத துண்டையும் மாணவி பத்திரப்படுத்த வேண்டும். அதன் பின்புறத்தில் நூல், துணி, தையல் ஆகியவற்றின் பெயரையும், எங்கே தவறியது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

ஊசியைத் தொடுமுன் பார்த்துப் பழகுதல் வேண்டும். ஒரே பொருளை முழுமையாகவும், பிளந்தும், பெரிதாக்கியும் பலமுறை வரைவர். பின்னர் ஓர் அட்டையில் சிறு சதுரத் துளையிட்டு, அதனைப் படத்தின்மேல் நகர்த்தி, துளைக்குள் தெரியும் பகுதிகளுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். தைக்க வேண்டியது அப்பகுதியை மட்டுமே.

இதற்குரிய பொருளை எங்கும் தேடியலைய வேண்டுவதில்லை. பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாக நிற்கிறது. அதன் காயும் பெரும்பாலும் மூன்று அறைகளும் அறைக்கொரு விதையும் உடையது. இலையுதிர் காலத்தில் மஞ்சளும் செம்மையும் பழுப்புமாக இலைகள் விழுகின்றன; புதுத்தளிரோ செம்பு நிறத்தில் பிறந்து பின்னரே பச்சையாகிறது. நூலின் நிறங்களைத் தெரிவு செய்வதற்கு இதனினும் நல்ல பட்டியல் கடையில் கிடைக்காது. வெட்டுப்பட்டையின் சாய்ந்த கோடுகள் இயற்கை உருவமாகுமா என்று கேட்கலாம். பாதி மரத்தின் வேலை, பாதி வெட்டுபவரின் கைவேலை. நம் கருத்தில் அதுவும் தக்க பொருளே. தடித்த கயிற்றிழையைத் துணிமேல் கிடத்தி, மெல்லிய நூலால் ஆங்காங்கே பிடித்துத் தைத்தால் அக்கோடுகள் நன்கு புடைத்து நிற்கும். பட்டை எங்கே சொரசொரப்பாக இருக்கும், எங்கே வழவழப்பாக இருக்கும் என்பதை மகளுக்குச் சொல்லத்தக்கவர் நாள்தோறும் அதனைத் தொட்டுப் பார்க்கும் தாயும் தந்தையுமே அல்லரோ?

இனி விதைக்கு வருவோம். மங்கலான பருத்தி நூலை இடைவெளியின்றி அடுக்கி நிரப்புத் தையல் போட்டால் உருவம் வரும், பளபளப்பு வராது. பட்டு நூலால் தைத்தால் பளபளப்பு வரும். ஆனால் இழைகள் நீளமானால் தளர்ந்து தொங்கும். மூன்றாவது துண்டில் முறையை மாற்றி, வெளிர் பழுப்பு நிறமுள்ள வழுவழுப்பான சாட்டின் துணியை விதையின் மேனியாகவே விட்டுவிட்டு, கரும்பழுப்புத் திட்டுகளை மட்டும் குறுந்தையல்களால் இட்டுப் பார்க்கலாம். துணியே விதையாகிவிடும்! முதலிரு துண்டுகளும் இன்றேல் இம்மூன்றாவது எண்ணம் தோன்றியிராது.

ஈரமண்ணில் கிடந்து, பசுமையெல்லாம் அழுகி, நரம்புவலை மட்டும் எஞ்சிய இலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதனைக் காட்டுவதற்கு இப்பொழுது நீரில் கரையும் ஒருவகை மென்தாள் உண்டு. அதன்மேல் இயந்திரத்தால் தைத்து நீரில் இட்டால், தாள் கரைந்து நூல்வலை மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு நரம்பும் மற்றொன்றின்மேல் குறுக்கிட்டுப் பிணைந்திருத்தல் வேண்டும். இல்லையேல் தாள் கரைந்ததும் எல்லாம் பிரிந்துவிடும்.

காயின் திரட்சியைக் காட்டுவதற்கோ நம் நாட்டிலேயே பழைய முறையொன்று இருக்கிறது. பேராக் மாநிலத்தின் கோலகங்சார், தெக்காட் எனும் பொன்னிழைத் தையலுக்குப் பேர்பெற்ற ஊர். 1877-ஆம் ஆண்டில் ஹியூ லோ பால்மரக் கன்றுகளை நட்டதும் அவ்வூரிலேதான். தெக்காட் தையலில் வெல்வெட்டுத் துணியைச் சட்டத்தில் இறுகக் கட்டி, பூ அல்லது இலை வடிவில் வெட்டிய அட்டையை அதன்மேல் வைப்பர். பொன்னிழை அட்டையின் மேலே இப்புறமும் அப்புறமுமாகச் செல்லும். அது துணிக்குள் நுழைவதில்லை. அடியிலிருந்து வரும் மற்றொரு நூல் அதனை ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். இதனால் உருவம் மேலெழுந்து நிற்கும். விலைமிகுந்த இழையும் வீணாவதில்லை. பொன்னிழைக்குப் பதிலாகப் பச்சை நூலையும், அட்டைக்குப் பதிலாக மூன்று பிரிவாக வெட்டிய கம்பளித் துண்டையும் வைத்தால் பால்மரக் காய் துணிமேல் திரண்டு நிற்கும். பொன்னிழையைவிடச் சாதாரண நூல் மெலிதாகையால் அதனை நெருக்கி இடவேண்டும். இடைவெளி விட்டால் அடியிலுள்ள கம்பளி வெளியே தெரியும்.