பட்டியும் வட்டையும் – 7: பச்சைக்குள் ஒரு பஞ்சம்

நவம்பர் மாதத்தில் சம்மாந்துறையிலிருந்து காரைதீவு நோக்கி வருபவருக்கு, மாவடிப்பள்ளியில் வீதியின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகவே தெரியும். மாடு வளர்க்க இதைவிட நல்ல காலம் ஏது என்று தோன்றும். ஆனால் அம்பாறைக் கரையோரத்து மாடுகள் அரை வயிற்றோடு நிற்பது இந்தப் பச்சைக் காலத்தில்தான். தெரிகிற பச்சை முழுவதும் வேளாண்மை. அதில் வாய் வைத்த மாடு பிடிபடும், உரிமையாளர் தண்டம் கட்டுவார்.

சிறுபோக அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயல் வட்டைக்குள் இறங்கி, அரிகட்டையையும் வரப்புப் புல்லையும் மேய்ந்து எருவிட்டுத் திரிவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வசதி பெரும்போகம் தொடங்கும் வரைக்கும்தான். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்கு ஒரு திகதி வைப்பார்கள், வாய்க்காலில் தண்ணீர் விட ஒரு திகதி வைப்பார்கள், வட்டைக்குள் நிற்கும் கால்நடைகளை அப்புறப்படுத்தவும் ஒரு திகதி வைப்பார்கள். அப்புறப்படுத்திய மாடுகள் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

ஒரு காலத்தில் பதில் இருந்தது. மாரிக்குப் பட்டிகள் மேற்கே காட்டோர மேட்டு நிலங்களுக்குப் போய், பெரும்போகம் அறுத்த பிறகு திரும்பி வரும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்த பிறகு, அந்த நிலங்களில் பெரும்பகுதி நெல்லுக்கும் கரும்புக்கும் குடியேற்றத்துக்கும் போனது. நெல் பெருகியது நாட்டுக்கு நல்லது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மேய்ச்சலுக்கு மாற்று நிலத்தை யாரும் அதே அக்கறையோடு அளந்து கொடுக்கவில்லை. எஞ்சியவற்றில் ஒன்றான வட்டமடுவில் மாடு வளர்ப்போரும் வயல் செய்வோரும் பல தசாப்தங்களாக வழக்கும் வாதமுமாக நிற்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்ததும் இதே கேள்வியோடுதான்.

மேய்ச்சல் பஞ்சம் எங்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. நெடுந்தீவுக் குதிரைகளின் நிலை வேறு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அந்தத் தீவில் தாமாக மேய்ந்து திரியும் அந்தக் குதிரைகளைக் கொல்வது கோடை. நீரும் புல்லும் வற்றும்போது அவை விழும், மாரி பிறந்தால் பிழைக்கும். நம் கரையில் மாரி பிறக்கும்போது மேய நிலம் கைவிட்டுப் போகிறது. வானத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஏற்பாடு செய்யாததுதான் குறை.

ஆனாலும் ஒக்டோபர் மாத வானத்தை நம்ப முடியாது என்பதும் உண்மை. காலையில் சுள்ளென்று வெயில், பின்னேரம் இடியோடு மழை. மூன்று நாள் பெய்யும், பிறகு பத்து நாள் காயும். முதல் மழைக்கு வீதியோரத்திலும் களப்போரத்திலும் தளிர்க்கும் புல்லைப் பார்த்துப் பசித்த மாடு பாய்ந்து தின்னும். அந்த இளம்புல்லில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் தண்ணீர். இருபது கிலோ தின்றாலும் உள்ளே சேரும் உலர்பொருள் மூன்று, நான்கு கிலோதான். நார் போதாமல் சாணம் இளகிக் கழியும். குளிர் நாடுகளில் குதிரை வளர்ப்போருக்கும் இலையுதிர் காலப் புல்லைக் கண்டால் பயம் உண்டு. பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருக்கும்போது அங்கத்தையப் புல்லில் சர்க்கரை தேங்கும், அளவுக்கு மீறி மேய்ந்த குதிரைக்குக் குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்க முடியாமல் போகும். அதனால் மேய்ச்சல் நேரத்தைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கொடுப்பார்கள். நமக்கும் அந்த வழி பொருந்தும். காலையில் பட்டியை அவிழ்க்கும் முன் ஒரு பிடி வைக்கோல் போட்டால், இளம்புல்லின் கெடுதல் பாதி குறைந்துவிடும்.

அந்த வைக்கோல் எங்கே இருக்கிறது? இந்தத் தொடரில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சிறுபோக வைக்கோல் நல்ல வெயிலில் விழுகிறது. அறுவடை மெசின் அதை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகிறது. அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்று அதற்கு நெருப்பு வைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு கிலோ எடையுள்ள நாட்டு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோ வைக்கோல் போதும். மாரி மூன்று மாதத்துக்கு 450 கிலோ. ஓர் ஏக்கரில் நெல் எவ்வளவு விழுகிறதோ ஏறத்தாழ அதே அளவு வைக்கோலும் விழும். 1,800 கிலோ நெல் கண்ட ஏக்கர் என்றால் அந்த வைக்கோல் நான்கு மாடுகளை மாரி தாண்ட வைக்கும். சேதாரம் போனாலும் மூன்று மாடு நிச்சயம். ஓர் ஏக்கரை எரிப்பவர் மூன்று மாட்டின் மாரிச் சாப்பாட்டை எரிக்கிறார்.

சேர்த்தால் மட்டும் போதாது, நனையாமல் வைக்க வேண்டும். தரையில் கட்டை அடுக்கி அதன் மேல் போர் வைத்து, உச்சியைக் கூராக்கித் தரப்பாள் மூட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்து, வாடை போக ஆறவிட்டுக் கொடுக்கலாம். கன்றுகளுக்கும் குதிரைக்கும் இது ஆகாது. யூரியா வாளியும் கரைசலும் மாட்டின் வாய்க்கு எட்டக் கூடாது, எட்டினால் உயிர் போகும். முதல் தடவை செய்பவர்கள் கால்நடை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். யூரியா வேண்டாம் என்பவர்கள் வேலியில் நிற்கும் கிளிசரியா, முருங்கை இலைகளை வெட்டி வைக்கோலோடு கலக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த சி.ஓ.-3 புல்லை இங்கே பலர் நடுகிறார்கள். நல்ல புல், வெட்ட வெட்டத் தளிர்க்கும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் காலத்தில் பள்ளக் காணிகளில் அது தங்காது. மேட்டு வளவில் வரம்பு உயர்த்தி நடுபவர்களுக்கே பலன்.

இறங்கிய ஈர நிலத்தில் பட்டியை நிறுத்தி வைப்பதும் கேடு. குளம்பு மிதித்துச் சேறாகிய தரையில் புல் மறுபடி எழ மாதங்கள் ஆகும். சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். எருமை சமாளிக்கும், மாடு சமாளிக்காது. இரவில் மாடு அடைக்கும் காலையை மேட்டில் போடுங்கள், வாடைக்காற்றுப் படாமல் ஒரு பக்கமாவது மறைப்புக் கட்டுங்கள். தொண்டையடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். நனைந்து பசித்த மாட்டிலும் எருமையிலும் அந்த நோய் ஒரே இரவில் வேலையை முடித்துவிடும்.

2022 டிசம்பர் தொடக்கத்தில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அது. குளிர் எல்லா மாட்டையும்தான் தொட்டது. ஆனால் நார்த்தீனி செரிக்கும்போது உடலுக்குள் சூடு பிறக்கும். வயிறு நிறைந்த மாட்டுக்கு அந்தச் சூடு துணை, வெட்டவெளியில் நனைந்து நின்ற மெலிந்த மாட்டுக்குத் துணையில்லை.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் விவசாய அமைப்புகளிடமும் வட்டவிதானைமாரிடமும் ஒரு வேண்டுகோள். மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியைக் குறிக்கும் அதே கூட்ட அறிக்கையில், அவை போய் நிற்க வேண்டிய இடத்தையும் போகும் பாதையையும் எழுதுங்கள். பட்டிக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வயல்காரர்களே, இந்தச் சிறுபோகத்தில் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கும் முன் பக்கத்துப் பட்டிக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள், அவர் வண்டியோடு வருவார்.