மூன்று மணி நேரமும் முறைத் தண்ணீரும்

வைகை அணைப் பூங்காவில் ஒரு தாயாரும் மகளும். அரசுப் பள்ளியில் படித்த பெண். 'நீட்' எழுதப் போகிறாள். அருகே க.விலக்கில் மருத்துவக் கல்லூரி தெரிந்த இடந்தான். "பாடமெல்லாம் தெரியுது தம்பி, நேரந்தான் பத்தலேங்கறா" என்று அங்கலாய்த்தார் தாயார்.

நியாயமான கவலை. 2022 முதல் 2024 வரை இருந்த 200 நிமிஷம், 2025-ல் 180 ஆயிற்று. கேள்விகளும் 180. வட்டம் நிரப்புவதும் அதற்குள்ளேதான்!

1959-ல் திறந்த இந்த அணையில் 71 அடி தண்ணீர் நின்றாலும் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். நேரத்தையும் அப்படிப் பங்கிடலாம். உயிரியலின் 90 கேள்விகளுக்கு 50 நிமிஷம்; வேதியியலின் 45-க்கு 45; கணக்குப் போட வேண்டிய இயற்பியலின் 45-க்கு 65. மீதி 20, விட்டுப்போனவற்றுக்கு. பிடிபடாத கேள்வியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தவறான விடைக்கு ஒரு மார்க் கழியும்.

வீட்டாருக்கும் வேலை உண்டு. தேர்வு பகல் 2 முதல் 5 வரை. ஞாயிறுதோறும் அதே நேரத்தில், கடிகாரத்தை எதிரே வைத்து, பழைய வினாத்தாளை எழுதச் சொல்லுங்கள். நடுவே கறிவேப்பிலை வாங்கி வர அனுப்பாதீர்கள்!

"அந்தத் தப்பைத்தான் நான் செய்யறேன்" என்று சிரித்தார் தாயார். மகள் சிரிக்கவில்லை.