பிரதி இல்லாத படம்

திண்டுக்கல்லில் 31 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கருப்பு வெள்ளையில் ஆரம்பித்து, கலரைப் பார்த்து, டிஜிட்டல் வந்தபின் 2006இல் ஷட்டரை இறக்கினேன். சிவப்பு பல்புக்கடியில் தட்டை ஆட்டி ஆட்டி, வெள்ளைப் பேப்பரில் முகம் எழும்பி வருவதைப் பார்த்தே பாதி ஆயுசு போனவன். 2025 ஜூலையில் மகள் வீட்டுக்கு மெல்போர்ன் போயிருந்தபோது, ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியின் முன்னால் என் கால் தானாக நின்றது. கண்ணைவிட மூக்குதான் முதலில் கண்டுகொண்டது. டெவலப்பர் வாசனை.

பழைய டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி. ஒரு பாதியில் ஆள் உட்கார இடம். சுற்றினால் ஏறி இறங்கும் ஸ்டூல், பின்னால் ஒரு திரை, எதிரே கண்ணாடி, அதற்கப்பால் விளக்கும் லென்சும். மறுபாதி பூட்டியிருந்தது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. "வாங்க தாத்தா, ரெண்டு பேரும் உட்காரலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்டூலில் நான், என் முழங்காலில் தொற்றிக்கொண்டு அவள். விளக்கு நாலு முறை அடித்தது. முதல் அடிக்கு நான் கண்ணை மூடிவிட்டேன். இரண்டாவதற்கு அவள் என் மூக்கைப் பிடித்தாள். மற்ற இரண்டில் என்ன செய்தோம் என்றே தெரியாமல் வெளியே வந்தோம்.

பூட்டிய பாதிக்குள் மோட்டார் உறுமியது. எதையோ தூக்கி இறக்கும் சத்தம் கேட்டது. நாலைந்து நிமிஷம் கழித்துப் பக்கவாட்டு இடுக்கில் ஒரு துண்டு வந்து விழுந்தது. ஒன்றரை அங்குல அகலம், எட்டு அங்குல நீளம், ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு படம். பேத்தி கையை நீட்டியதும், "நடுவுல தொடாதே, ஓரத்தைப் பிடி, ஈரம்!" என்று கத்திவிட்டேன். கடையில் வேலை பழகிய பையன்களிடம் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை.

அவள் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மாவுக்கும் ஒண்ணு வேணுமே. இன்னொரு பிரிண்ட் எங்க போடுவாங்க?"

"போட முடியாதும்மா. இதுக்கு நெகட்டிவே கிடையாது."

அவளுக்கு நெகட்டிவ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ரயிலில் வீடு திரும்பும் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

படத்தாளிலும் பிலிமிலும் பூசியிருப்பது ஒருவகை வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடம், டெவலப்பரில் போட்டால் கருக்கும். வெள்ளை வேட்டி கருப்பாகும், கருத்த மீசை வெளுப்பாகும். அதுதான் நெகட்டிவ். அதன் வழியாக இன்னொரு முறை பேப்பரில் வெளிச்சம் பாய்ச்சினால் எல்லாம் நேராகிவிடும். எங்கள் தொழிலே இந்த இரண்டு படியில்தான் நடந்தது. அந்தப் பெட்டியில் பிலிம் கிடையாது. லென்சுக்குப் பின்னால் இருப்பது பேப்பர் சுருள். முகத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் நேரே பேப்பரில் போய் விழுகிறது. அப்படி நேராக விழுந்தால் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், லென்சோடு ஒரு முப்பட்டகக் கண்ணாடி வைத்துத் திருப்பிவிடுகிறார்கள்.

நாலு படமும் பதிந்தபின் பேப்பர் வெட்டுப்பட்டு ஓர் இயந்திரக் கையில் சிக்கும். அந்தக் கை அதை வரிசையாகத் தொட்டிகளில் முக்கி எடுக்கும். முதல் தொட்டியில் டெவலப்பர். இந்த இடத்தில் எடுத்துப் பார்த்தால் பேப்பரில் நெகட்டிவ்தான் இருக்கும். கழுவிவிட்டு அடுத்தது பிளீச். பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த ஆரஞ்சு நிறத் தண்ணீர். கருத்த வெள்ளியை முழுக்க அது கரைத்துவிடும். அதன்பின் பேப்பரில் மிஞ்சுவது வெளிச்சம் படாத இடத்து உப்பு மட்டும். தலைமுடி, கண்ணின் பாவை, மூக்குக்கடியில் விழுந்த நிழல். பிளீச்சின் மஞ்சள் கறையை சோடியம் சல்பைட் போக்கும். கடைசிக் கரைசல் மிஞ்சிய உப்பைக் கருக்க வைக்கும். படம் வந்துவிட்டது.

நெகட்டிவ் உண்டாகாமல் இல்லை. அதே பேப்பரில் உண்டாகி, கரைந்து, தான் விட்ட இடத்தைப் படத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கரையவேண்டியது கரைந்து, கருக்கவேண்டியது கருத்துவிட்டதால், படத்தை நிலைநிறுத்த ஹைப்போகூட வேண்டியதில்லை. 31 வருஷம் விரலிடுக்கில் ஹைப்போ உப்புப் பூத்துத் திரிந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஒருவருடைய பேப்பர் மூன்றாவது தொட்டியில் இருக்கும்போதே அடுத்தவர் உள்ளே போய் உட்காரலாம். ஒவ்வொரு கையும் ஆளுக்கொரு துண்டைக் கவ்விக்கொண்டு வட்டமாகச் சுற்றி வரும்.

இந்த மாதிரிப் பெட்டியை உருவாக்கியவர் அனடோல் ஜோசஃபோ. 1894இல் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் பிறந்தவர். பெர்லினில் போட்டோ எடுக்கப் பழகி, ஷாங்காயில் ஸ்டுடியோ நடத்தி, அமெரிக்கா போனவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அவர் ஸ்டுடியோக்காரர் என்பதுதான். இருட்டறைக்குள் நின்று கால் கடுத்தவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். 11,000 டாலர் திரட்டி மெஷினைச் செய்து, 1925இல் நியூயார்க் பிராட்வேயில் கடை திறந்தார். பெயர் போட்டோமேட்டான். 25 சென்ட் போட்டால் எட்டு நிமிஷத்தில் எட்டுப் படம். முதல் ஆறு மாதத்தில் 2,80,000 பேர் வந்தார்கள். வரிசையில் நிற்பவர்களை ஒழுங்குபடுத்தி, வெள்ளைக் கையுறை போட்ட ஓர் ஆள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். 1927இல் ஹென்றி மார்கெந்தாவ் தலைமையிலான குழு அமெரிக்க உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது.

அந்தக் காலத்தில் படம் எடுத்துக்கொள்வதென்றால் பணமும் நேரமும் வேண்டும், எதிரே ஒரு நிபுணர் நிற்பார் என்ற கூச்சமும் இருக்கும். திரையை இழுத்துவிட்டால் யாரும் இல்லை என்பதுதான் ஜனங்களை இழுத்தது. கலைஞர்களும் அதற்காகவே வந்தார்கள். ஆந்த்ரே பிரெத்தோன் 1929இல் தன் சர்ரியலிசக் கூட்டாளிகளைக் கண்மூடிய நிலையில் இந்தப் பெட்டியில் எடுத்த படங்களாகவே பத்திரிகையில் போட்டார். ஆன்டி வார்ஹோல் 1963இல் நியூயார்க்கில் எதெல் ஸ்கல் என்ற பெண்ணைக் காசும் கையுமாக இப்படிப் பெட்டிகளுக்கு அழைத்துப்போய், அந்தப் படங்களிலிருந்து 36 முகமுள்ள ஓவியத்தைச் செய்தார்.

நான் நினைத்துக்கொண்டது என் கடைக்கு வந்தவர்களை. வாசலை ஒட்டிக் கண்ணாடி மாட்டியிருப்பேன். கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் ஒரு கோட்டு. பெண் பார்க்கும் படத்துக்கு வருகிற அம்மாக்கள், "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கண்ணே" என்பார்கள். எடுத்தபின் ராத்திரி நெகட்டிவை ரீடச்சிங் மேஜையில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் கன்னத்துக் குழியையும் அம்மைத் தழும்பையும் புள்ளி புள்ளியாக மறைப்பேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கை நடுங்காத வேலை. நன்றாகச் செய்வேன் என்று பேர் வாங்கியவன்.

மெல்போர்ன் படத்தில் என் முகத்தை யாரும் தொடவில்லை. என் கருப்பு, கருப்பாகவே விழுந்திருந்தது. கண்ணுக்கடியில் பை, நெற்றியில் மூன்று கோடு, எல்லாம் அங்கேயே இருந்தன. நான் பென்சிலால் மறைத்த தழும்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் கேட்டதைத்தான் கொடுத்தேன். ஆனாலும் அந்தப் பெண்களின் உண்மையான முகம் அந்த நெகட்டிவில் மட்டும்தான், என் பென்சிலுக்கடியில் இருந்தது. அந்த நெகட்டிவ்களும் இப்போது இல்லை. கடை மூடியபோது கவரில் நம்பர் போட்டு அடுக்கியிருந்த 31 வருஷத்தையும் வெள்ளி எடுக்க வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டேன். வீட்டில் வைக்க இடமில்லை. "நம்பரைச் சொன்னா எப்ப வேணாலும் பிரதி கிடைக்கும்" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லியிருந்தேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

மகள்தான் மறுநாள் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். அந்தப் பெட்டியை நடத்திய ஆலன் அட்லரைப் பற்றிய கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். நகரெங்கும் பெட்டிகள் வைத்து, ஐம்பது வருஷம் தானே கரைசல் கலக்கி, தானே தொட்டி கழுவி, தானே பழுது பார்த்தார். 2018இல் நிலையத்து வேலைகளுக்காக அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னபோது ஊர்க்காரர்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2024 இறுதியில், 92ஆம் வயதில் காலமானார். பெட்டியை இளையவர்கள் ஏற்று நடத்துகிறார்கள்.

கரைசல் மாற்றியபின் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாராவது உட்கார வேண்டும். அட்லர் தானே உட்காருவார். அந்தச் சோதனைத் துண்டுகளை அவர் தூக்கிப்போடவில்லை. சுவரில் அவை வரிசையாக இருந்தன. கருத்த முடியோடு ஒருவர், அதே ஆள் நரைத்து, கண்ணாடி போட்டு, கன்னம் ஒட்டி. சிலதில் சிரிப்பு, பலதில் வேலை நினைப்பு. படத்துக்காக அவர் உட்காரவில்லை. கருப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, வெள்ளை மஞ்சளடிக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தார். அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் தொழில்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு மரியாதை செய்து நான் எங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டிகள் இனி எத்தனை நாள் ஓடும் என்பது பேப்பரைப் பொறுத்தது. டிஜிட்டல் வந்தபின் உலகில் இவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றுக்கான பேப்பர் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வரத்து தடைபட்டது. இருக்கும் சுருள்களைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது மறுபடியும் தனியாக நிலையத்துக்குப் போனேன். நல்ல நேரம், பூட்டிய பாதி திறந்திருந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்பவர் முழங்கை வரை கையுறை போட்டு ஒரு தொட்டியைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நானும் ஸ்டுடியோக்காரன்தான் என்றேன். நகர்ந்து இடம் விட்டார். குறுகலான தொட்டிகள் வட்டமாக நின்றன, ஒன்றில் ஆரஞ்சுத் தண்ணீர். மேலே சிலந்திக் கால்போல விரிந்த கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்னக் கவ்வி. அந்தக் கவ்வியைப் பார்த்ததும், கிளிப்பில் மாட்டிப் பேப்பரை முக்கி முக்கி எடுத்த என் வலது கை ஞாபகம் வந்தது.

புதுக் கரைசலை ஊற்றினார். கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்து, சோதனைக்கு நீங்கள் உட்காருகிறீர்களா என்று கேட்டார்.

ஸ்டூலைச் சுற்றி உயரம் சரிசெய்துகொண்டேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. நாலு அடி. வெளியே வந்து இருவரும் சேர்ந்து காத்து நின்றோம், பேசவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இது பிளீச், இது கழுவல் என்று என் உதடு தானாக முணுமுணுத்தது.

துண்டு விழுந்தது. ஓரத்தைப் பிடித்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்து என் சட்டைக் காலரைப் பார்த்தார், வெள்ளை சுத்தமாக இருந்தது. கருப்புக்கு என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினார். ஈரம் உலர்ந்ததும் பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதி, மற்ற சோதனைத் துண்டுகளோடு தன் பையில் வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அது மெஷினுடைய படம்.