நிலாவைக் காட்டினால் பாராத குழந்தை

இடுப்பில் குழந்தையை ஏந்தி, “அதோ பார், நிலா!” என்று விரல் நீட்டிச் சோறூட்டுவது நம் வழக்கம். மும்பையிலோ டில்லியிலோ குடியேறியும் நாம் அதனை விட்டோமில்லை. ஆனால், நீட்டிய விரலின் திசையைக் குழந்தை நோக்காதிருந்தால்? பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருந்தால்?

அவ்வேளையில் நம் வீடுகளில் ஒரு சமாதானம் எளிதில் கிடைத்துவிடுகிறது. “வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம்; குழந்தை குழம்புகிறது. போகப் போகப் பேசிவிடும்” என்கிறோம். ஊரிலிருந்து பாட்டியும், “அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்று தைரியம் கூறுகிறார். அன்பினால் எழும் இச்சொற்களே அருமையான மாதங்களைக் கவர்ந்துவிடுகின்றன. பல மொழிகளைக் கேட்பதால் ஆட்டிஸம் உண்டாவதில்லை.

ஒரு வயதாகியும் கையசைத்து ‘டாட்டா’ காட்டாமை, ஒன்றரை வயதாகியும் வியந்த பொருளை விரலால் சுட்டாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை, எந்த வயதிலும் பேசிவந்த சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திருத்தல் தகாது. இவை ஆட்டிஸத்தை உறுதி செய்வன அல்ல. மருத்துவரிடம் செல்லுமாறு உணர்த்தும் குறிப்புகளே.

முதலில், கண்டவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைப்போம். அடுத்து, குழந்தையின் செவிப்புலனைச் சோதிக்கச் செய்வோம். காது கேளாமையும் இவ்வாறு தோற்றமளிக்கக்கூடும். பின்னர், குழந்தை வளர்ச்சியில் தேர்ந்த மருத்துவரை நாடுவோம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, பல மாவட்டங்களில் இதற்கெனத் தனி மையங்கள் இலவசமாக இயங்குகின்றன. அங்கே, குழந்தை வீட்டில் கேட்பது தமிழே என்பதை மறவாமல் கூறுதல் வேண்டும். தெரியாத மொழியில் கேட்ட கேள்விக்கு விடை வராதது குழந்தையின் குறையன்று.

“இனி வீட்டில் ஒரே மொழி பேசுவோம்” என்று தமிழைக் கைவிடுதலும் வேண்டா. தாய் தன் மனத்திற்கு இயல்பான மொழியில் கொஞ்சுவதே குழந்தைக்கு நலம். முடிவு வரும் வரை வாளாவிருக்கவும் வேண்டா. நாள்தோறும் தரையில் அதன் எதிரே அமர்ந்து, அது விரும்பும் விளையாட்டில் நாமும் கலந்துகொள்வோம். முற்றிலும் குணப்படுத்துவதாகக் கூறிப் பெரும்பொருள் கேட்போரிடம் ஏமாறாதிருப்போம்.

தாயின் பாசக்குறைவே காரணம் என்று முன்னாளில் மேனாட்டார் சிலர் எழுதினர். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. ஆதலின் எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தையும் ஏற்று, இக்குழந்தைகளின் கல்விக்கு உரிமை வழங்கியுள்ளது.

உறவினர் தொலைவில் இருக்க, இவ்வூரில் நமக்கு நாமே உறவு. நம் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிக்கு அஞ்சிக் காதைப் பொத்தி ஓடும் குழந்தையைக் கண்டால், வளர்ப்பைக் குறை கூறாதிருப்போம். ஒலியைச் சற்றே குறைப்போம்.