ஈரக் காற்றும் இளஞ்சிவப்பு உறையும்

கிழக்கே பிச்சாவரம், வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இத்தனை தண்ணீருக்கு நடுவே, சிதம்பரத்தை ஒட்டி இருக்கும் அண்ணாமலை நகரில் நிலைமின்சாரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் பொறியியல் தொடங்கியபோது மின்னணுவியல் என்றால் வால்வுதான். வால்வு ரேடியோவை வெறுங்கையால் எப்படிக் குடைந்தாலும் நிலைமின்சாரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பிறகு வந்த சி-மாஸ் ஐ.சி.களின் கால்களைக் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்திக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு. சன்னல் திறந்து மின்விசிறி சுற்றிய ஆய்வகத்தில் பாதிக் காவலைக் காற்றே பார்த்துக்கொண்டது.

ஈரக் காற்றில் பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டும். சேர்கிற மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். கம்பளத்தில் நடப்பவர் உடம்பில் 10–20% ஈரப்பதத்தில் 35,000 வோல்ட் வரை ஏறும், 65–90%-இல் 1,500 வோல்ட்தான் என்று பழைய கையேடுகளில் ஓர் அட்டவணை உண்டு. 1,500 குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள பொறியை நம் விரல் உணர்வதே இல்லை. இன்றைய சில்லுகளில் சில 100 வோல்ட்டுக்கே செத்துப்போகும். சாவது தெரிந்தாலாவது பரவாயில்லை. அரைகுறையாக அடிபட்டது சோதனையில் தேறிவிட்டு, வாங்கியவர் கையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அது 2014-இல் மூடிய பிறகும் செல்போன் தயாரிப்பு அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அங்குள்ள ஆலைகளுக்குள் நுழைபவர், உடம்பின் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையையும் செருப்பையும் கருவியில் சோதித்துக் காட்ட வேண்டும். சிதம்பரம் வீதிகளின் செல்போன் கடைகளிலும் நீல ரப்பர் விரிப்பு வந்துவிட்டது. அதன் எர்த் வயர் எங்காவது மாட்டியிருக்கிறதா என்பது வேறு கதை!

என் பார்வையில் பெரிய மாற்றம் விரிப்பில் இல்லை, பாதுகாப்புப் பொருள்களைச் சோதிக்கும் காற்றில் இருக்கிறது. மின்சுற்றுப் பலகைகளைப் போட்டுத் தரும் இளஞ்சிவப்பு பாலித்தீன் உறையில் கலந்திருக்கும் மருந்து, காற்றின் ஈரத்தை மேற்பரப்புக்கு இழுத்துத்தான் வேலை செய்கிறது. நம் ஊர்க் காற்றில் அளந்தால் அது அருமையாகத் தேறும். அதே உறை விமானத்தில் ஏறினால், 20%-க்கும் குறைவான ஈரப்பதத்தில் வெறும் பிளாஸ்டிக்காகிவிடலாம். அட்டைப்பெட்டிக்கும் இதே கதிதான். கரி கலந்த கறுப்பு உறை மட்டும் ஈரத்தை நம்பி இருப்பதில்லை.

அதனால்தான் 23 டிகிரி வெப்பத்தில், 12% ஈரப்பதத்தில், குறைந்தது 48 மணி நேரம் மாதிரியைக் காயவைத்துவிட்டு அளக்கச் சொல்கிறது அமெரிக்க ஈ.எஸ்.டி. (நிலைமின் வெளியேற்றம்) சங்கத்தின் முறை. 12%-இல் 3 கூடலாம், குறையலாம். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் மூடிய கூண்டுக்குள்ளேயே கையுறை வழியாக வேலை. கதவைத் திறந்தால் ஈரம் புகுந்துவிடும். இரண்டேகால் கிலோ எடையுள்ள வளைய மின்முனையை மாதிரியின் மேல் வைத்து, 100 வோல்ட் கொடுத்து, 15 விநாடி கழித்து மின்தடையைப் படிக்கிறார்கள். 10-இன் 11-ஆம் அடுக்கு ஓம்மைத் தொட்டால் அது காப்பான்; பாதுகாப்புப் பொருள் என்று விற்க முடியாது.

இந்தக் கூண்டை அண்ணாமலை நகரில் ஓட்டுவது எளிதல்ல. 30 டிகிரி, 80% ஈரப்பதம் உள்ள ஐப்பசிக் காற்றில் கன மீட்டருக்கு சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கூண்டுக்குள் சுமார் இரண்டரை கிராம்தான் இருக்க வேண்டும். சாதாரண ஏ.சி.யால் அது ஆகாது. அந்த அளவுக்கு உலர்த்த, குளிர்சுருளைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், அதன்மேல் பனி கட்டிவிடும். சிலிக்கா ஜெல் போன்ற உலர்த்தி வேண்டும். அதையும் அடிக்கடி சூடாக்கிக் காயவைக்க வேண்டும்.

அன்று விற்பனையாளரின் தாளில் மின்தடை எண் இருந்தால் போதும். இன்று விவரம் தெரிந்தவர், அது எந்த ஈரப்பதத்தில் எடுத்தது என்று பார்க்கிறார். 50% என்று மட்டும் போட்டிருந்தால், 12%-இல் எடுத்ததையும் கேட்டு வாங்குகிறார். உறை தயாரான தேதியையும் கேட்கிறார்; இளஞ்சிவப்பு உறையில் உள்ள மருந்து நாளாக ஆகத் தீர்ந்துபோகும்.