மலாயாப் போரும் தொழிற்சங்கத் தலைவர் கணபதியும்

பொதுவுடைமையை எதிர்த்து அந்நியர் நடத்திய போர்கள் என்றால் மாணவர்க்கு வியட்நாமே நினைவுக்கு வரும். ஆலை வாயில்களில் தொழிற்சங்கக் கொடிகள் பறக்கும் ஓசூரில் வாழும் நாம் மலாயாவை மறத்தலாகாது.

1948 ஜூனில் ஆங்கிலேயர் அங்கு அவசரநிலை அறிவித்தனர். கொள்கைப் பகை மட்டுமன்று காரணம். உலகப் போரால் கடன்பட்ட பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவை மலாயாவின் இரப்பரும் வெள்ளீயமும். இரப்பர்ப் பால் வடித்தோருள் தமிழர் பல்லாயிரவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் அம்மாதமே முடக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு வேண்டியும் பயனில்லை. ஒரு துப்பாக்கிக்கு ஓர் உயிர்!

ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அம்முறையே 1962-இல் தென்வியட்நாமுக்கும் சென்றது, அங்கே தோற்றது. மலாயாவில் அவசரநிலை 1960-இல் நீங்கியது. கணபதியின் சம்மேளனம் மீண்டும் எழவில்லை.