பழைய மலர்களும் புதிய மின்னூல்களும்

சென்ற ஓணம் விடுமுறையில் சங்கத்தின் பழைய பீரோவை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சிடி கிடைத்தது. ‘2004 மலர்’ என்று மேலே மையால் எழுதியிருந்தது. அந்த மலரின் அச்சுப் பிரதி சங்கத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆசையோடு கணினியில் போட்டுப் பார்த்தால் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் கோப்பு திறக்கவே மாட்டேன் என்றது. கூட இருந்த கட்டுரைக் கோப்புகள் திறந்தன. ஆனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய நினைவுக்குறிப்பு அதற்குள்தான் இருந்தது. அவர் இப்போது இல்லை. என் கையெழுத்துப் பிரதியும் போய்விட்டது.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் வந்ததல்ல. அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கு இருந்த இடங்களிலேயே தமிழ் எழுத்தின் உருவங்களை உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளே. பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஜே, கே, பி தான். டிஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொரு முறைக்கும் வேறு வேறு இடஒதுக்கீடு. ஒரே ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதைதான்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கென்று தனி இடம் உண்டு. விண்டோஸ் 2000 வந்தபோது வீட்டுக் கணினியிலும் அது வந்தது. ஆனால் அச்சகத்தார் விரும்பிய பேஜ்மேக்கர் 2001-இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோனது, ஒருங்குறியை அறியாமலேயே. அதனால் அதன்பிறகும் பல ஆண்டுகள் மலர்களும் புத்தகங்களும் பழைய எழுத்துருவிலேயே தயாராயின. இன்று இண்டிசைனிலும், காசில்லாமல் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளிலும் ஒருங்குறித் தமிழைக் கொண்டே பக்கம் அமைக்கலாம். ஆகவே அச்சுக்குக் கொடுக்கும்போது, ‘யூனிகோடில் உள்ள கோப்பையும் தாருங்கள்’ என்று முன்கூட்டியே பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் அன்று கேட்கவில்லை. குற்றம் எங்களுடையது.

சாவியைத் திரும்பச் செய்ய முடியுமா? முடியும். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துமாற்றிகள் இதற்கென்றே வந்தவை. பழைய வரிகளை ஒட்டி, மூல எழுத்துரு இன்னதென்று சொன்னால் ஒருங்குறியாக மாற்றித் தரும். எங்கள் கோப்பு பாமினி என்று மூன்றாவது முயற்சியில்தான் தெரிந்தது. அந்தப் பெரியம்மா பேச்சு திரையில் வரிவரியாகத் தமிழாகி வந்தபோது நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாற்றியபின் கண்ணால் படித்துத் திருத்துவது கட்டாயம். பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். ஒருங்குறியில் ககரமும் அதற்குப்பின் ஒரே ஒகரக் குறியும். இடையில் தட்டச்சுப் பிழை இருந்தால் கொம்பு தனியே தொங்கும். கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று எண்ணி மாற்றி உளறிவிடும். எங்கள் தலைவரின் பட்டப்பெயர் அப்படித்தான் படிக்க முடியாத ஒன்றாகிப் போயிற்று!

கோப்பே இல்லாமல் அச்சுப் பிரதி மட்டும் இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழை எழுத்தாக எடுத்துத் தரும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் இதைச் செய்யும். ரகரமும் காலும் குழம்பும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் கலந்துவிடும். இருந்தாலும் முழுக்க அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி நூலாக்கம். பிடிஎஃப் என்பது அச்சுப்பக்கத்தை அப்படியே படம்பிடித்து வைத்தது போன்றது. செல்போனில் படிக்க வேண்டுமானால் விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இபப் அப்படியன்று. அது வலைப்பக்கங்களை ஒரே பொட்டலமாகக் கட்டிய கோப்பு. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். கண் மங்கிய தாத்தாவுக்கு இது பெரிய உதவி. ஒருங்குறியில் இருப்பதால் வாய்விட்டுப் படிக்கும் வசதியும் வேலை செய்யும். மலையாளம் மீடியத்தில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் நம்ம பிள்ளைகள் காதால் கேட்டுக்கொண்டே வரியைப் பின்தொடரலாம். எனக்கு மின்னூலில் ஆசை வந்ததே இதனால்தான்.

இதற்குச் செலவு ஏதுமில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தட்டச்சு செய்து, தலைப்புகளுக்குத் தலைப்பு நடையைக் கொடுத்தால் போதும். 2018-இல் வந்த 6.0 பதிப்பு முதல் அதிலிருந்தே இபப் ஆக்கலாம். நுணுக்கமாகத் திருத்த சிகில், வடிவம் மாற்ற காலிபர். நோட்டோ தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்களை உரிமைச் சிக்கலின்றிச் சேர்க்கலாம். விற்க விரும்பினால் அமேசான் கிண்டில் 2016 இறுதி முதல் தமிழை ஏற்கிறது. சங்க மலரை யாரும் விலைக்கு வாங்கப்போவதில்லை என்பது என் அனுபவம்.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் நடக்கும் லிட்டில் கைட்ஸ் மன்றத்துப் பிள்ளைகள் டிஜிட்டல் மாகசின் தயாரித்துப் பள்ளி விக்கியில் ஏற்றியிருக்கிறார்கள். பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளே பழக்கம். சித்தூரிலோ மூணாறிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிடுங்கள். மீதியை அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.

உரிமை விஷயத்தில் அவசரம் கூடாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலமானபின் 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. மலரில் அச்சிடத் தந்தார் என்பதற்காக மின்னூலுக்கும் சம்மதித்ததாகாது. அவரிடமோ வாரிசுகளிடமோ ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். பெரியம்மாவின் மகளிடம் கேட்டபோது, “அம்மா பேரு இருந்தாப் போதும் சார், போடுங்க” என்றார். பழைய மலர்களின் கடைசியில் உறுப்பினர் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். அந்தப் பக்கங்களை நீக்கிவிடுவதே நல்லது.

பொதுவில் வைக்க இடங்கள் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை மின்னாக்கியது. ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் 2005 முதல் இயங்குகிறது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் திட்டம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை இலவசமாகத் தருகிறது. எதுவும் ஒத்துவராவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. சிக்னல் கிடைக்காத லயத்து வீடுகளுக்கு வாட்ஸப்பில் ஒருமுறை அனுப்பிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம்.

2004 மலரின் பெரும்பகுதி மீண்டுவிட்டது. மூன்று கட்டுரைகளின் கோப்புகள் சிடியில் கெட்டுப்போயிருக்கின்றன. படங்கள் எதுவும் இல்லை. அந்த மலர் யாரிடமாவது இருந்தால் செயலாளரிடம் கொடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அட்டை கசங்காமல் ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறோம்.